செம்மொழி அம்மாவின் ஆர்டர்

"அந்தத் துவரம்பருப்பை வைக்காத பிரகதா! அது கடைக்கு வர்றவங்களுக்கு. செம்மொழி அம்மாவுக்கு உள்ள இருக்கிற புது மூட்டையைப் பிரி."

குஞ்சிதபாதம் போட்ட சத்தத்தில் அவர் மனைவி பிரகதாம்பாள் கையிலிருந்த பருப்பை மறுபடி சாக்கில் கொட்டினாள். ஒரத்தநாடு கடைத்தெருவில் முப்பது வருடமாக மளிகைக்கடை நடத்துகிற மனுஷன், முகம்கூடப் பார்த்திராத ஒரு வாடிக்கையாளருக்காக இப்படிப் பறப்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் பரணிதரன்தான் போன வருடம் ஊருக்கு வந்தபோது கடையை ஆன்லைனில் சேர்த்துவிட்டுப் போனான். செல்போனில் ஆர்டர் வரும். கட்டி வைத்தால் டெலிவரிக்கு வரும் ஜாஃபர் சாதிக் பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். அப்படி வந்த முதல் ஆர்டரே செம்மொழி என்ற பெயரில்தான். அன்றிலிருந்து ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. பதினைந்தாம் தேதி ஆனால் பணத்தோடு ஆர்டர் வந்து நின்றுவிடும்.

"எனக்குத் தெரிஞ்சு கால்நடைக் கல்லூரியில புரொபசராத்தான் இருப்பாங்க" என்றார் குஞ்சிதபாதம், கடுகைப் பொட்டலம் கட்டிக்கொண்டே.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"அரிசி மட்டும் வாங்குறதே இல்ல, கவனிச்சியா? அப்போ சொந்த வயல் நெல்லு இருக்கு. கண்டதையும் வாங்காம, எது வேணுமோ அதை அளவா வாங்குறாங்க. படிச்சவங்களுக்குத்தான் அது வரும். போன மாசம் நாம தவறுதலா எண்ணெய் பாக்கெட் ஒண்ணு கூட வச்சு அனுப்பிட்டோம். சத்தமில்லாம வச்சுக்கிட்டாங்களா? ஜாஃபர்கிட்டயே திருப்பிக் குடுத்து விட்டாங்களே! அன்னைக்கு மழைன்னு அவரை உள்ள உக்கார வச்சு டீ வேற குடுத்திருக்காங்க. யாருக்கு இருக்கு இந்தக் குணம்?"

"அய்யா..."

வாசலில் ஒரு பெண் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். "அரைக் கிலோ பருப்பு கேட்டேனுங்களே..."

"இரு, இரு. காலில வெந்நியா ஊத்திக்கிட்டு வந்திருக்க?"

பிரகதாம்பாள் சற்று முன் சாக்கில் கொட்டிய பருப்பையே குஞ்சிதபாதம் அள்ளி, நிறுத்து, அந்தப் பெண் பக்கம் தள்ளினார். அவள் பையைத் திறந்து பார்த்தாள்.

"வண்டு ஓடுதுங்கய்யா."

"கவர்மெண்டு சும்மா குடுக்கிற காசு. அதுல தரம் வேற பார்க்கணுமா? பொடைச்சா போயிடும், எடுத்துட்டுப் போ."

அவள் எடுத்துக்கொண்டு போனாள். குஞ்சிதபாதம் திரும்பவும் செம்மொழி அம்மாவின் பைக்கு வந்தார்.

"என்னங்க, ஜாஃபர் பாய் இன்னிக்கு வரமாட்டாராம். மகளைப் பொண்ணு பார்க்க வர்றாங்களாம். நாளைக்கு அனுப்பிக்கலாமா?"

"நாளைக்கா? அவங்க என்ன நினைப்பாங்க? நானே போறேன். ஒரு நாள் நேர்ல பார்த்து நன்றி சொன்ன மாதிரியும் இருக்கும்."

முகம் கழுவி, சலவைச் சட்டை மாற்றிக்கொண்டார். தன் கணக்கில் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழத்தையும் பைக்குள் வைத்தார். ஸ்கூட்டரில் ஏறி, செல்போன் சொன்ன வழியில் கிளம்பினார்.

கல்லூரி வாசலில் நிற்கச் சொல்லும் என்றுதான் எதிர்பார்த்தார். செல்போனோ நேராகப் போகச் சொன்னது. கால்வாய்ப் பாலம் தாண்டியதும், நடவு முடிந்து தண்ணீர் கட்டிக் கிடந்த சம்பா வயல்களுக்கு நடுவே இடதுபக்கம் திரும்பச் சொன்னது. கடைசியில், அரசு கட்டிக் கொடுத்து வரிசையாக நின்ற தொகுப்பு வீடுகளில் ஒன்றின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னது.

வழி தப்பிவிட்டது என்று நினைத்தார். யாரிடமாவது கேட்போம் என்று குரல் கொடுத்தார்.

"இங்க செம்மொழி அம்மா வீடு எதுங்க?"

ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வெளியே வந்தவள் அம்சம். வயல் வேலைக்குப் போகிறவள். முன்பெல்லாம் அவர் கடை வாசலில் மணிக்கணக்கில் நின்று சாமான் வாங்கிப் போனவள். அவள் வருவது நின்று ஒரு வருடம் ஆகியிருந்ததே இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"வாங்கய்யா. ஜாஃபர் பாய் வரலீங்களா?"

"செம்மொழிங்கிறது..."

"எம் மகளுங்க. பன்னெண்டாவது படிக்குது. நான் சொல்லச் சொல்ல அதுதான் செல்லுல ஆர்டர் போடும். அரிசி ரேஷன்ல வந்துருது. மத்த சாமானுக்கு, கவர்மெண்டு பதினஞ்சாம் தேதி எனக்குப் போடுற உரிமைத்தொகை."

நன்றி சொல்ல வந்தவர் கையில் பையோடு அப்படியே நின்றார். அம்சம் உள்ளேயிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து போட்டாள்.

"உக்காருங்கய்யா. வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி கொண்டாரேன்."

அவர் உட்காரவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

"இது என் கடைன்னு தெரியாம ஆர்டர் போட்டுட்டியா..." சட்டென்று நிறுத்தித் திருத்திக்கொண்டார். "போட்டுட்டீங்களாம்மா?"

அம்சம் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

"தெரிஞ்சுதாங்கய்யா போடுறேன். இந்த ஒரத்தநாட்டுலயே நல்ல சாமான் உங்க கடையிலதான் இருக்கு. என்ன, நேர்ல வந்து நின்னா மட்டும் அது எனக்குக் கெடைக்காது."