தனிநபரா, குடும்பமா?

"வாயையே திறக்க வேண்டாம் சார். உக்காருங்க, போதும்" என்றார் கிளை மேலாளர்.

வாடிக்கையாளர் உட்கார்ந்தார். வாயைத் திறக்க வேண்டாம் என்றதில் அவருக்குப் பாதி உயிர் வந்தது. ஒரே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தார்.

மருத்துவக் காப்பீட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் புது மென்பொருள் வந்த நாளிலிருந்து மேலாளரின் கால் தரையில் படுவதில்லை. டை வேறு கட்ட ஆரம்பித்திருந்தார்.

"நாங்க மனுஷங்கள நம்புறதில்ல சார். டேட்டாவத்தான் நம்புறோம். ஃபோன் நம்பர் ஒண்ணு குடுத்தா போதும், உங்க உடம்போட வரலாறே ஸ்க்ரீன்ல வந்து நிக்கும்."

மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி நம்பரைக்கூடக் கேட்கவில்லை. தலைமேல் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். தட்டத் தொடங்கினார்.

"பாத்தீங்களா! வாசல்ல டோக்கன் எடுத்தீங்களே, அதுலயே எல்லாம் ஏறிடுச்சு" என்றார் மேலாளர். எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவர் அவர்.

எல்லோருக்கும் தெரியும்படி பக்கவாட்டில் திருப்பி வைத்திருந்த திரையில் வாடிக்கையாளருடைய வயது வந்தது. ரத்த வகை வந்தது.

'பென்சிலின் ஒத்துக்கொள்ளாது' என்று வந்தது.

கல்யாணமான புதிது அது. ஒரே ஊசியில் முகம் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி அழுகையும் சிரிப்புமாக நின்றாள். எதை முதலில் முடிப்பது என்று அவளுக்கே தெரியவில்லை.

'வலது முட்டியில் பழைய எலும்பு முறிவு.'

புது ஸ்கூட்டர், நல்ல மழை, பின்னால் மனைவி. வளைவில் சறுக்கி, ஸ்கூட்டரையும் சேர்த்து மூன்று பேரும் மூன்று பக்கம் விழுந்தார்கள். முதலில் எழுந்த மனைவி ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தியது ஸ்கூட்டரைத்தான். தவணை பாக்கி இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே இருவரும் பல வருஷம் சிரித்தார்கள்.

அந்த மனைவி வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷமாகிறது. குக்கரை மறக்காமல் எடுத்துப் போனவள், குடும்பக் காப்பீட்டை விட்டுவிட்டுப் போனாள். கோர்ட்டுக்கு அவளும் போகவில்லை, இவரும் போகவில்லை. வருஷம் தவறாமல் இவர் பணம் கட்டினார். அந்தப் பாலிசி ஒன்றில்தான் இருவரும் இன்னும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.

இந்த மாதத்தோடு அந்தத் திட்டத்தையே மூடுகிறோம் என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான். இனிப் புதிதாக எடுக்க வேண்டும். புதிதாக எடுக்கப் போனால் எல்லா இடத்திலும் கேட்பார்கள்: தனிநபரா, குடும்பமா?

'தனிநபர்' என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். வழியில் வேறு இரண்டு காப்பீட்டு அலுவலகங்கள் இருந்தன. அவற்றைப் பார்க்காதவர்போல் தாண்டி இங்கே வந்திருந்தார்.

திரையில் அடுத்த வரி வந்தது. 'புகை: ஆம்.' கூடவே கட்டவேண்டிய தொகை எகிறியது.

மனைவி ஒருநாள் கேட்டாள், "அதுவா, நானா?" வழக்கமான சண்டைதானே என்று நினைத்தவர், யோசித்துச் சொல்வதற்காக ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார்.

அது அணைவதற்குள் அவள் பெட்டி கட்டியிருந்தாள்.

"விட்டுட்டேன்" என்றார் வாடிக்கையாளர்.

"எதை?" என்றார் மேலாளர்.

"சிகரெட்ட. ரெண்டு வருஷமாச்சு."

மேலாளரின் முகம் சுருங்கியது. "இருக்காது சார். சிஸ்டம் தப்பு பண்ணாது. நல்லா யோசிச்சுப் பாருங்க."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றுவிட்டன. பெண்மணி முதன்முறையாக நிமிர்ந்தார். அவர் பார்த்தது வாடிக்கையாளரின் முகத்தை அல்ல, வலது கை விரல்களை. மஞ்சள் கறை இல்லை.

"நெஜமாவா?"

வாடிக்கையாளர் தலையாட்டினார்.

'ஆம்' அழிந்தது. 'இல்லை' வந்தது. தொகை சரசரவென்று இறங்கியது.

"பாத்தீங்களா, தானே திருத்திக்கிச்சு!" என்று மேலாளர் கைதட்டாத குறை.

கடைசியாக இரண்டு கட்டங்கள் மட்டும் காலியாக நின்றன. அதுவரை எதையும் தானாகக் கேட்காத பெண்மணி, இதைக் கேட்டார்.

"தனிநபரா, குடும்பமா?"

ஒத்திகை பார்த்து வைத்திருந்த சொல்லை விட்டுவிட்டு, வாடிக்கையாளர் மேஜையைப் பார்த்தார். பெண்மணி திரையைப் பார்த்தார்.

மேலாளர்தான் குறுக்கே புகுந்தார். "அது இருக்கட்டும் மேடம். அந்த முட்டி விஷயம், அத சிஸ்டம் எங்கேருந்து எடுத்துச்சு? நான் பாத்தவரைக்கும் எந்த ரெக்கார்டும் இல்லையே?"

"இவர் ஸ்கூட்டரோட விழுந்தப்போ, பின்னாடி உக்காந்திருந்தது நான்தான் சார்."

மேலாளரின் கை தானாக டைக்குப் போய் அதைத் தளர்த்தியது.

இரண்டு கட்டங்களையும் காலியாகவே விட்டுவிட்டு, அவள் 'சேமி' என்பதை அழுத்தினாள்.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. யோசிச்சுட்டு வாங்க" என்றாள். வாடிக்கையாளர் நாற்காலியை நகர்த்தி எழுந்தபோது, திரையிலிருந்து கண்ணெடுக்காமலே சேர்த்துக்கொண்டாள்:

"சிகரெட் இல்லாம."