தெரிந்த ஒரே குரல்

"இன்னொரு தடவை சொல்லேன், அந்தத் துறைமுகப் பல்கலையில ஃபைனான்ஸ் படிக்கிறவங்களுக்குன்னு தனியா ஒரு அறை இருக்குன்னியே, அது எப்படி இருக்கு?"

போனில் கேட்டது மலையடிப் பல்கலையின் வழிகாட்டிப் பெண். அங்கே படிக்கும் மாணவிகளையே பகுதிநேர வேலைக்கு வைத்து, வேறு கல்லூரியிலிருந்து மாறி வர நினைப்பவர்களிடம் பேச வைப்பார்கள். தன் கடைச் சரக்கை விற்க வேண்டியவள் எதிர்க்கடைச் சரக்கையே விசாரித்துக்கொண்டிருக்கிறாளே என்று, மாறி வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இவளுக்குச் சிரிப்பு வந்தது.

"சுவர் முழுக்கத் திரை, அக்கா. எந்த நாட்டுச் சந்தை ஏறுது, எது இறங்குதுன்னு ஓடிக்கிட்டே இருக்கு. நானும் அப்பாவும் நேர்ல போய்ப் பார்த்தோம். மூணாவது வருஷமே பாங்க்ல பயிற்சிக்கு அனுப்பிடுவாங்களாம்."

"அக்கான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? நானும் உன்னை மாதிரி ரெண்டாவது வருஷம்தான். சரி, ஹாஸ்டல்?"

"ரூமுக்கு ரெண்டு பேர். ஜன்னலைத் திறந்தா கடல்."

"எங்க ஹாஸ்டல்ல ஜன்னலைத் திறந்தா தண்ணித் தொட்டி. அதுலயும் தண்ணி இருக்காது." இருவரும் சிரித்தார்கள். "அங்க மாற்றலுக்கு இன்னும் இடம் இருக்காமா?"

"இருக்காம். ஏன், உன்கிட்ட கேக்குறவங்களையெல்லாம் அங்க தள்ளிவிடப் போறியா?"

மாடிப்படியில் உட்கார்ந்துதான் அவள் இந்த போனைப் பேசுவாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி, அப்பாவுக்கு பஸ் டெப்போவில் பகல் வேலை. வீட்டில் எந்நேரமும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் சின்ன வயதிலிருந்தே குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகிவிட்டாள். அந்தக் குரல் கல்லூரியில் யார் காதிலும் விழவில்லை. மார்க்கு கொடுத்த இடம் என்று வேதியியலில் சேர்ந்தாள். மனசோ பேப்பரின் பங்குச்சந்தைப் பக்கத்தில் கிடந்தது. பாடமும் ஒட்டவில்லை, பக்கத்தில் இருந்தவர்களும் ஒட்டவில்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால், "என்ன கொண்டு வந்தே?" என்று எட்டிப் பார்க்க ஒரு முகம் கிடையாது.

ஃபைனான்ஸ் படிக்க மாறிவிடலாம் என்று விண்ணப்பித்தபோது இரண்டு பல்கலைகளிலும் இடம் கிடைத்தது. முதல் போனில் வழிகாட்டிப் பெண் பேசியது, ஏற்கெனவே படித்த பாடங்களில் எதையெல்லாம் மறுபடி எழுத வேண்டாம் என்பது பற்றி மட்டும்தான். இரண்டாவது போனில், "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு பாடத்தைப் பற்றிய பேச்சு குறைந்துபோனது.

"இதுல மண்டையைப் போட்டு உடைச்சுக்க என்ன இருக்கு?" என்றார் அப்பா. "ஒண்ணு சமுத்திரம், ஒண்ணு வாய்க்கால். நாளைக்கு வேலைக்குன்னு போய் நின்னா துறைமுகம்னு சொன்னாலே எழுந்து நின்னு நாற்காலி போடுவான். மலையடியில உனக்கு யாரு இருக்கா?"

போனில் மட்டும் கேட்ட ஒரு குரலை, 'இருக்கிறாள்' என்று எப்படிச் சொல்வது?

விடுமுறைக்கு முன்னால் கடைசியாக ஒரு போன் வந்தது.

"இனிமே இந்த நம்பர்ல நான் இருக்க மாட்டேன். இது ஆபீஸ் போன், சொந்த நம்பர் கொடுக்கக் கூடாதுன்னு ரூல். என்ன, முடிவு பண்ணிட்டியா?"

"அப்பா துறைமுகம்தான்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார். அநேகமா அங்கதான்."

"அங்கேயே போ. நீ சொன்னதையெல்லாம் வெச்சுப் பார்த்தா ஃபைனான்ஸுக்கு அதுதான் சரி. நான் இப்படிச் சொன்னேன்னு யார்கிட்டயும் உளறிடாதே, என் வேலை போயிடும்."

போனை வைத்த பிறகு அவள் வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். தன் வேலையைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் எனக்கு நல்லதைச் சொல்ல ஒருத்தி இருக்கிறாள். அவள் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு, திரையையும் கடலையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சாயங்காலம் அப்பா வந்ததும் சொல்லிவிட்டாள். "மலையடிதான்ப்பா."

அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் புறப்படுகிற அன்று, பழைய பெட்டியின் தேய்ந்த சக்கரத்தை அவரே டெப்போவுக்கு எடுத்துப் போய் மாற்றிக்கொண்டு வந்தார். "அழாம இரு," என்றார். அழுதது அவர்தான்.

மலையடி ஹாஸ்டல் வாசலில் அவள் பெட்டியை இறக்கினாள். இத்தனை நாளும் குரலாகவே இருந்தவளின் முகம் எப்படி இருக்கும்? முதலில் என்ன சொல்வது? வார்டன் அம்மாள் சாவியை நீட்டினார். அதை வாங்கிக்கொள்ளக்கூடத் தோன்றாமல், அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி எந்த அறை என்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணா? அது போய் ஒரு வாரம் ஆச்சேம்மா."

"போயிட்டாளா? எங்க?"

"துறைமுகப் பல்கலைக்கு மாற்றல் வாங்கிட்டா. இங்க இருந்த வரைக்கும் பாவம், பேச்சுத்துணைக்குக்கூட ஒரு ஆள் கிடையாது. போற அன்னைக்குத்தான் அவ முகத்துல சிரிப்பையே பார்த்தேன். 'அங்க எனக்கு ஒரு ஃப்ரெண்டு வரா ஆன்ட்டி, நான் வர்றது அவளுக்குத் தெரியாது, திடீர்னு போய் முன்னால நிக்கப் போறேன்'னா."