ஈரம் காயாத கோடு

"நான் செத்தாலும் அச்சுப்பிழை விட்டுடாதே, ஹெஸ்டர்" என்றார் என் கணவர் ஆம்ப்ரோஸ்.

"முதல்ல போய்ச் சேருங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சிரித்தேன்.

அவர் போய் இரண்டு வருடமாகிறது. லண்டனில் எங்கள் அச்சகக் கயிற்றில் காயும் தாள்களில், தினமும் காலையில் அவர் கையெழுத்தில் திருத்தங்கள் இருக்கின்றன. எல்லாம் சரியான திருத்தங்கள்தான். ஆனால் நாங்கள் இப்போது அச்சிடும் நகைச்சுவை நாடகத்தின் கடைசி வரியில் ஒரு விதவை மறுமணம் செய்துகொள்கிறாள். பிழையே இல்லாத அந்த வரியை மட்டும் ஐந்து முறை கோடு போட்டு அடித்துவிட்டார்.

"எசமானி, சனிக்கிழமை நாடகம் மேடையேறுது. உங்க வீட்டுக்காரர் எப்பத்தான் விடுவார்?" என்றார் எழுத்துக் கோக்கும் ஜோசையா. என்னைப் பெண் கேட்டுவிட்டு ஒரு வருடமாகப் பதிலுக்குக் காத்திருப்பவர்.

ஆறாவது தாளிலும் அதே கோடு. மை ஈரமாக இருந்தது.

"போதும் ஆம்ப்ரோஸ்!" என்று ஜோசையாவின் காதுபடவே கத்தினேன். "நான் ஜோசையாவைக் கட்டிக்கணும். சரின்னு சொல்லுங்க."