ரசனை கெட்ட நிலா

“நிலாவுக்கு யாரு பாய் கண்மை தீட்டினது?”

சாந்த் பாஷாவின் ஸ்டுடியோவுக்குள் நுழைந்ததும் செழியன் கத்தினார். மேஜைமேல் அவர் எடுத்த நிலாப் படம். பள்ளத்துக்குப் பள்ளம் கறுப்பாய்க் கோடு, ஓரமெல்லாம் பளீர் வெள்ளை.

“ஷார்ப்னஸ் கொஞ்சம் ஜாஸ்தி வச்சேன் சார்.”

“கொஞ்சமா? தொட்டா கை கிழிஞ்சிடும் போலிருக்கு!”

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் கிளார்க் செழியன். சாயந்திரமானால் மொட்டை மாடி, டெலஸ்கோப், டிஜிட்டல் கேமரா. எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, மங்கலும் போகணும், இயல்பும் கெடக்கூடாது என்று மல்லுக்கட்டுவார். பிறகு சிடியில் போட்டு இங்கே பிரின்ட்டுக்குக் கொடுப்பார்.

“ரொம்ப ஏத்தினா பள்ளம் தெரியும், நிலா போயிடும்னு எத்தினி தடவை சொல்லியிருக்கேன்?”

“உங்க பிரின்ட் கவர்ல இருக்கு சார். நீங்க சொன்ன மாதிரியேதான். இது வேற ஒருத்தருக்கு.”

“என் படத்தை என்னைக் கேக்காம வேற ஒருத்தருக்கா? யாரு அந்த ரசனை கெட்ட ஆளு?”

பாஷா தலையைச் சொறிந்தார். “சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார்.”

“ரசனைன்னா என் வீட்டுக்காரி தென்றல்கிட்ட கத்துக்கணும். ஒவ்வொரு படத்தையும் அப்படியே உத்துப் பார்ப்பா. ‘வானத்துல பார்க்கிற மாதிரியே இருக்குங்க’ன்னு சொல்லுவா. அவ இதைப் பார்த்தா சிரிப்பா!”

சொல்லிக்கொண்டே கிழிக்கப் போனார். பாஷா பாய்ந்து கையைப் பிடித்தார்.

“கிழிக்காதீங்க சார். கேட்டதே தென்றல் அக்காதான்!”

“யாரு... எங்க தென்றலா?”

“நேத்து தனியா வந்தாங்க சார். சுகர்ல கண்ணு மங்கிடுச்சாம். ஒரு வருஷமா உங்க நிலா எல்லாம் வெறும் வெள்ளை வட்டமாத்தான் தெரியுதாம். ‘ஆசையா காட்டறாரு, தெரியலன்னு சொல்ல மனசு வரல தம்பி. ஒரு தடவையாவது அவரு எடுத்ததை நான் பார்க்கணும். கோடெல்லாம் அழுத்தமா வர்ற மாதிரி போட்டுக் குடு’ன்னாங்க.”

செழியன் படத்தின் கசங்கிய ஓரத்தை விரலால் நீவிவிட்டார்.

“நாளைக்கே கண் டாக்டர்கிட்ட கூட்டினு போறேன்” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

பிறகு படத்தை மேஜைமேல் வைத்து, பாஷாவின் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

“பாய்... இது ரொம்ப கம்மியா இருக்கே. இன்னும் கொஞ்சம் ஏத்துங்களேன்!”