மாலை ஒத்திகை

மறைமலை நகர் ரோபோ கூடத்தில் நாளைய விழாவுக்கு ஒத்திகை நடக்கிறது. ‘எந்திர வளம், எங்கள் பலம்’ என்ற பதாகையின் கீழ், தலைமை விருந்தினருக்கு எந்திரக் கை மாலை போடவேண்டும். அவர் நிற்கப்போகும் இடத்தில் இப்போது, கூடத்தைப் பெருக்கும் தசரதன் நிற்கிறார். நேற்று அதே இடத்தில் நிறுத்திவைத்த துணிக்கடைப் பொம்மை கழுத்து முறிந்து மேசையடியில் சிரித்தபடி கிடக்கிறது. “இன்னா மேடம், எனக்கும் அப்டி ஆயிடாதில்ல?” “அதெல்லாம் சரிபண்ணிட்டோம்ணா. அசையாம நில்லுங்க,” என்கிறாள் இன்ஜினியர் அனுப்பிரியா, லேப்டாப்பிலிருந்து கண்ணெடுக்காமல். மஞ்சள் கை முனகிக்கொண்டே இறங்குகிறது. சாமந்தி வாசனை முகத்தில் மோதுகிறது. இரும்பு விரல்கள் காதோரம் உரசி விலக, மாலை கழுத்தில் விழுகிறது. சுற்றி நிற்கும் எல்லோரும் எந்திரத்தைப் பார்த்துக் கைதட்டுகிறார்கள். மாலை விழுந்ததும் தன்னையறியாமல் தசரதன் கும்பிடுகிறார். அனுப்பிரியா மாலையைக் கழற்றி மறுபடி அந்த இரும்பு விரல்களில் மாட்டுகிறாள். “ரொம்ப ஸ்லோ. ஸ்பீட் ஏத்தி இன்னொரு தடவை பார்க்கலாம்.” கும்பிட்ட கையைத் தசரதன் இன்னும் இறக்கவில்லை.