இருபது நிமிடக் கணக்கு

“இன்னும் எவ்வளவு நேரம்ப்பா ஓடும் இது?” புரொபசர் விதோல்ட் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

“மொத்தம் இருபது நிமிஷம் சார். பெரிய புரதம்” என்றான் போகுமில்.

“சின்னதா இருந்தாலும் இதே பாட்டுத்தானே! புதுசா ஒரு மென்பொருள் வந்திருக்கு, ஒரு நொடியில முடிக்குதாம். சாயங்காலத்துக்குள்ள உன்னோடதும் அந்த வேகத்துக்கு வரணும். இல்லேன்னா தூக்கிப் போட்டுட்டு அதை வாங்கிடுவேன்.”

அவர் போனதும் ஹலினாவின் முகம் வாடிப்போனது. வார்சாவின் அந்த ஆய்வுக்கூடத்தில் மூலக்கூறுகளை எடைபோடும் நிறை நிறமாலைமானியை இயக்குபவள் அவள். ஒரு புரதத்தில் கனமான அணு எத்தனை, லேசான அணு எத்தனை என்று ஐசோடோப்புகளின் எல்லாச் சேர்க்கைகளையும் அலசி, கருவியின் திரையில் எங்கெங்கே முகடுகள் எழும் என்று கணக்கிட்டுச் சொல்வது போகுமிலின் மென்பொருள். மூன்று வருட உழைப்பு. முடிவுகளை வரைபடமாக்கும் பகுதியை மட்டும் ஹலினா எழுதியிருந்தாள்.

கணக்கு ஓடும்போதெல்லாம் இருவரும் ஜன்னலோரம் தேநீர் குடிப்பார்கள். அவள் கொண்டுவரும் கசகசா கேக்கில் ஆளுக்குப் பாதி.

“பயமாவே இல்லையா உனக்கு?” என்றாள் ஹலினா.

“ஒரு வரியை மாத்தினா போதும்.”

“ஒரே வரியா? நான் வேணா பார்க்கட்டுமா?”

“வேண்டாம், வேண்டாம்!” அவன் பதறினான். “நானே பார்த்துக்கறேன்.”

“சரி. ஆனா என் பகுதியில கை வைக்காதே, குழம்பிடும்” என்று அவளும் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் நிரலைத் திறந்தான். நிஜக் கணக்குக்கு ஒரு நொடிகூட ஆகாது. ‘பதினைந்து நிமிடம் காத்திரு’ என்ற அந்த வரியை இரண்டு வருடத்துக்கு முன் அவன்தான் நுழைத்திருந்தான். அவளோடு உட்கார வேறு வழி தெரியாத கூச்ச சுபாவம். இனி அந்தத் தேநீர் இல்லை. மனசே இல்லாமல் வரியை அழித்துவிட்டு ஓட்டினான்.

ஐந்து நிமிடம் ஆனது.

அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன குளிர்காலத்தில் பதினைந்து நிமிடம் இருபதானபோது, தேநீர் நேரம் நீண்டதே என்ற சந்தோஷத்தில் காரணத்தைத் தேடாமல் இருந்துவிட்டானே! வரி வரியாகத் தேடினான். தன் பகுதியில் ஒன்றுமில்லை. அவள் கை வைக்காதே என்ற பகுதியைத் திறந்தான்.

‘இன்னும் ஐந்து நிமிடம் காத்திரு’ என்று இருந்தது. பக்கத்தில் ஹலினாவின் பெயர்.