சுத்தமான தண்ணீர்

தண்ணீரில் எந்த உலோகம் கலந்திருந்தாலும் காட்டிக்கொடுக்கும் கருவி ஒன்றைக் கல்லூரியில் செய்திருந்தாள் நஜ்லா. சர்க்கரை பார்க்கும் மெஷின் அளவுதான் இருந்தது. கொழிஞ்சாம்பாறையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவள் அத்தா சைனுதீனுக்குப் பெருமை தாங்கவில்லை.

புது வீட்டுக்குக் குடம் வாங்க வந்த வேலாத்தாளை அவர் விடவில்லை.

"நேத்து ராத்திரி இந்தக் குடத்துல ஊத்தி வெச்ச தண்ணிங்க அம்மிணி. கண்ணால பாத்துட்டு வாங்குங்க."

நஜ்லா ஒரு சொட்டு எடுத்துக் கருவியின் பட்டையில் விட்டாள். திரையைப் பார்த்தாள். பட்டையை மாற்றி இன்னொரு சொட்டு விட்டாள்.

"அத்தா, கொஞ்சம் உள்ள வாங்க."

"உள்ள எதுக்கு? அவங்க முன்னாலயே சொல்லு. ஈயம்?"

"இல்ல."

"இரும்பு?"

"இல்லத்தா. உள்ள வாங்களேன்."

"வேற ஏதாச்சும்?"

"ஒண்ணுமே இல்ல." நஜ்லாவின் குரல் இறங்கிவிட்டது.

"கேட்டீங்களா அம்மிணி? துளி உலோகம் கலக்கல. சுத்தம்னா இதுதாங்க சுத்தம்" என்று குடத்தைத் தட்டிக் காட்டினார் சைனுதீன்.

வேலாத்தாள் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"ஏனுங்க பாய், ராத்திரி ஊத்தி வெச்சா விடியறதுக்குள்ள தண்ணியில செம்புச் சத்து எறங்கீரும்னு சொல்லித்தானுங்க இந்தச் செப்புக்கொடத்த எடுத்து வெச்சீங்க. அந்தச் செம்பு எங்கீங்க?"